இருபத்தைந்துக்குக் கீழே

முப்பத்தோரு வருடம் லாரி எடை மேடையில் உட்கார்ந்தவன் நான். மேடையில் ஏறுகிற லாரியை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன். எந்த எந்திரம் எண் காட்டினாலும் அதன் பின்னால் யார் நிற்கிறார் என்று தேடுவது எனக்கு ஊறிப்போன புத்தி. அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

என் மருமகள் வாலிபால் ஆடுகிறவள். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. வலைக்கு நடுவில் நின்று, எதிராளி அடிக்கிற பந்தை எம்பி மறிப்பது அவள் வேலை. டீமில் அவளை மதில் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி டீம். ஆடினால் சம்பளம், ஆடாவிட்டால் வீடு. பிள்ளை பெற்று ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பப் போனாள். குதிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோச் புதுச் சட்டம் ஒன்று போட்டிருந்தார். உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால்தான் இந்த வருடம் ஒப்பந்தம். கூடுதல் கொழுப்போடு குதித்து இறங்கினால் முழங்கால் தாங்காது என்பது அவர் சொன்ன காரணம். முழங்கால் அவருடையதா, உன்னுடையதா என்று கேட்டேன். மாமா, நீங்கள் சும்மா இருங்கள் என்றுவிட்டாள்.

கொழுப்பை அளக்க ஒரு எந்திரம் வைத்திருந்தார்கள். வெறுங்காலோடு தகட்டில் ஏறி, கையில் இரண்டு பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கொழுப்பு எத்தனை, சதை எத்தனை, தண்ணீர் எத்தனை என்று சீட்டு அடித்துத் தள்ளும். தார்ப்பாய் போட்டு மூடின லாரியை மேடையில் ஏற்றி உள்ளே என்ன சரக்கு என்று சொல்கிற மாதிரி. அப்படிச் சொல்கிற எந்திரத்தை நான் கண்டதில்லை.

முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த முதல் அளவில் அவள் எடை எழுபத்தாறு, கொழுப்பு இருபத்தேழு புள்ளி நாலு. வாயைக் கட்டினாள். காலையும் மாலையும் ஓடினாள். ஒரு மாதம் கழித்து, நாள் சொல்லிக் கூப்பிட்டு எடுத்த அளவில் எடை எழுபத்துமூன்று, கொழுப்பு இருபத்தெட்டு. சீட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். ஆள் மூன்று கிலோ இளைத்திருக்கிறாள், கொழுப்பு ஏறியிருக்கிறது. இது என்ன வித்தை?

முதலில் அவள் மேல்தான் சந்தேகப்பட்டேன். மறைவாகத் தின்கிறாளோ என்று டப்பாவிலிருந்த பிஸ்கட்டுகளை எண்ணி வைத்தேன். நாலு நாள் பார்த்ததில் குறைந்ததெல்லாம் நான் தின்றது. அப்புறம் சந்தேகம் அளவெடுக்கும் பிசியோ அம்மாள் பக்கம் போனது. மருமகளின் இடத்துக்கு வரிசையில் நிற்பவள் குச்சி என்கிற ஒரு சின்னப் பெண். அவளும் அந்த அம்மாளும் தினம் ஒரே காரில் வந்து இறங்குகிறார்கள் என்று மருமகளே ஒரு நாள் வாய்தவறிச் சொல்லியிருந்தாள். எனக்கு அது போதும்.

கடைசி அளவுக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மகன் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான், பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒரு சாக்கு.

கேலரிக்கு அடியில் ஒரு அறை. வலி மருந்து வாடை, ஓரத்தில் பந்து மூட்டைகள், நடுவில் அந்த எந்திரம். பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கோச் சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னார். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். இரண்டு சீட்டிலும் ஒரே எண். அப்படியானால் கோளாறு எந்திரத்தில் இல்லை, அதன் பக்கத்தில் நிற்கிறவரிடம்.

மருமகள் ஏறினாள். எடை எழுபத்தொன்று. கொழுப்பு இருபத்தாறு புள்ளி எட்டு. இறங்கிவந்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கோச் பட்டியலில் பேனாவை வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே கார்ல வர்றீங்க. நம்பரையும் வர்ற வழியிலயே பேசி முடிச்சிடுவீங்களோ?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

குச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்படாதவர்களை எனக்கு இன்னும் பிடிக்காது. எந்திரம் உடம்புக்குள் துளி மின்சாரம் விடும், தண்ணீர் அதற்கு வழி விடும், கொழுப்பு மறிக்கும் என்று நிதானமாகச் சொன்னார். உடம்பு வறண்டிருந்தாலும் மின்சாரம் தடுமாறும், எந்திரம் அதையும் கொழுப்பு என்றே எழுதிவிடுமாம். அதனால்தான் வருவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று விதி வைத்து, குடித்தேன் என்று தாளில் குறி போடச் சொல்வதாம். மருமகளின் தாளை எடுத்துக் காட்டினார். குறி இருந்தது.

"குடிச்சேன்" என்றாள் அவள், துண்டை எடுக்காமலே.

காலையில் அவள் வாய் கொப்பளித்துத் துப்பினதை நான் பார்த்திருந்தேன். ஒரு வாய்கூட விழுங்கவில்லை. முந்தின நாள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடிவிட்டு வந்தாள். கோட்டின் உட்புறம் வியர்வை சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரும் வைத்தபடியே இருந்தது. ஏதோ வீம்பு என்று விட்டுவிட்டேன்.

சொன்னால், பொய்க் குறி போட்டவள் என்று இங்கேயே வெளியே அனுப்பலாம். சொல்லாவிட்டால் அந்தப் பேனா அவள் பேரை அடித்துவிடும். பேரன் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்றா. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு சொட்டு உள்ள எறங்கல" என்றேன்.

துண்டு இறங்கியது. அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"எடை கொறஞ்சா கொழுப்பும் கொறையும்னு நெனச்சேன்" என்று கோச்சிடம் சொன்னாள். முன்பிருந்த கோச் வெறும் எடை மட்டும் பார்ப்பவராம். அப்போதெல்லாம் பெண்கள் எல்லோரும் முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம். பிசியோ அம்மாள் வரிசையைப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் வந்தவர்கள் யார் என்று கேட்டார். கடைசியில் ஒரு கை எழுந்தது. குச்சியின் கை. அதன் பின்னால் இன்னும் நாலு.

ஆறு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினால் கோச் தானே வலைக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். கத்தினார், அளவையெல்லாம் ரத்து செய்தார், இரண்டு நாள் ஒழுங்காகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குச்சிக்கு அந்த அம்மாள் காரில் வரும்போதே பாடம் எடுத்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் நாக்கு வறண்டு அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள். இருந்தாலும் முழுசாக மனசு ஒப்பவில்லை. நிறையத் தண்ணீர் குடித்தால் இருபதுக்கு இறக்கிவிடலாமா என்று கேட்டேன். வயிற்றில் கிடக்கும் தண்ணீரால் அவ்வளவு ஏமாற்ற முடியாது என்றார். அவர் சொல்கிறார்.

இரண்டு நாள் கழித்து நானும் கூடப் போனேன். எல்லோரும் பிசியோ அம்மாள் கண்முன்னால் குடித்தார்கள். மருமகளுக்கு இருபத்துநாலு புள்ளி மூன்று. குச்சிக்கும் குறைந்தது, ஆனால் நடு இடம் மதிலுக்குத்தான். கையெழுத்துப் போட்டு வந்தாள்.

பஸ்ஸில் என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள்.

"அத்தனை பேர் முன்னால என்னைப் பொய்க்காரின்னுட்டீங்க மாமா. இனிமே அளவெடுக்கிற நாளன்னிக்கு நீங்க அங்க வரக்கூடாது."

சரிம்மா என்றேன். அடுத்த அளவு எந்தத் தேதி என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தெரியாமலா இருக்கும்.