பதினோரு விநாடி

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, ஆனால் வீடு விற்க மட்டும் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை என்று அவன் அறிவித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி ஒருத்திதான். அவளும் முழுக் கவனத்தோடு கேட்டாள் என்று சொல்ல முடியாது. தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கூரியர் கிடங்கில் மேற்பார்வையாளன். ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக ஆகும் நேரம் பதினோரு விநாடி என்று கணக்கெடுத்து, அதைக் கிடங்குச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தான். அழைப்பு மணி, பெயர், கையெழுத்து, நன்றி. குளிர்பதனப் பெட்டிக்கும் பதினோரு விநாடிதான், ஊசிப் பெட்டிக்கும் பதினோரு விநாடிதான். வீடு என்பது கொஞ்சம் பெரிய பார்சல். தூக்கிக்கொண்டு போக முடியாததால் நாம் அதனிடம் போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"உலகத்தைத் திருத்துறது இருக்கட்டும். அந்தப் பெரியவர் கையெழுத்து போடுவாரா, மாட்டாரா?" என்றாள் மனைவி.

அவன் தம்ளரைக் கழுவினான். குழாயை இறுக மூடி, பிறகு ஒரு நூலளவு பின்னால் திருப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

கேள்வி நியாயமானதுதான். அவர்கள் குடியிருந்த அந்தச் சின்ன அடுக்கக வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி காலையில் காலி செய்ய வேண்டும். புது வீட்டுக்கு வங்கி சம்மதித்திருந்த கடனும் அந்த மாதக் கடைசியோடு காலாவதி. அந்த வீட்டை விற்கும் பெரியவர் கையெழுத்து போடாவிட்டால், இரண்டு பேரும் முப்பத்திரண்டு அட்டைப்பெட்டிகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். பெரியவரோ மூன்று முறை தேதி கொடுத்து மூன்று முறையும் மாற்றியிருந்தார். முதல் முறை, மகள் வீட்டில் பெரியவருக்கும் மனைவிக்கும் ஒதுக்கிய அறைக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. இரண்டாவது முறை, மூக்குக்கண்ணாடி பழுது. மூன்றாவது முறை காரணம் சொல்லும் மரியாதைகூட இல்லை. இப்போது வேண்டாம், அவ்வளவுதான். தரகர் ஒவ்வொரு முறையும், 'பெரியவர் தங்கமான மனுஷன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தங்கத்தை இப்படி அலைந்து வாங்குவதில்லை என்று இவன் சொல்வதற்குள் இணைப்பு போய்விடும்.

தகராறு வந்தது பின்கதவால். பெரியவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போன வாரம் இவன் போனபோது, வீட்டின் எல்லா சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துக் காட்டினார். கடைசியில் சமையலறைப் பின்கதவுக்குக் கூட்டிப்போனார். அது இலேசில் திறக்காத கதவு. கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, முழங்காலால் கீழ்ப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும்.

"எந்த லிஃப்டையும் பத்து தடவை ஏத்தி இறக்கிக் காட்டி, வாங்குறவர் தானே ஓட்டிக் காட்டாம நான் ஒப்படைச்சதில்ல. எங்க, நீங்க ஒரு தடவை திறங்க தம்பி."

இவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எதுக்கு சார்? வந்த அன்னைக்கே இதைப் புடுங்கிப் போட்டுட்டுப் புதுக்கதவு மாட்டிடுவேன். நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்க."

அடுப்படியில் நின்றிருந்த பெரியவரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். மாலையே தரகர் கூப்பிட்டார். பெரியவர் வீட்டை விற்பதாக இல்லையாம்.

"உங்க வாயை யாராவது பார்சல் கட்டி அனுப்பினா தேவலை" என்றாள் மனைவி.

"எந்த விலாசத்துக்கு?"

"திரும்பி வராத விலாசத்துக்கு."

பிறகு அவள் கட்டிய பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, இரண்டு தட்டை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவன் பாட்டுக்குத் தூங்கியிருப்பான். அந்த இரண்டு தட்டுகள்தான் அவனை என்னவோ செய்தன. கிடங்கில் நான்கு நாள் தப்புத் தப்பாக முத்திரை குத்தினான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலை தரகரிடம்கூடச் சொல்லாமல் பெரியவர் வீட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்தது பெரியவரின் மனைவியான அந்த அம்மாள். மூன்று முறை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள். "மீட்டர் பாக்க வந்தீங்களா?" என்றாள். விளக்கம் சொல்லப் போனால் வளரும் என்று, "ஆமாம்மா" என்றான். மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவைத்தான்.

பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். கோபமில்லை, களைப்புதான் தெரிந்தது. இவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த மன்னிப்பு வாய்வரை வந்து, வேறொன்றாக வெளியே விழுந்தது.

"கதவைத் திறந்து காட்டறேன் சார். பத்து தடவை."

முதல் முறை முழங்கால்தான் வலித்தது. இரண்டாவது முறை கைப்பிடி வழுக்கியது. மூன்றாவது முறை தோளைக் கொடுத்து மோதினான்; கதவு அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நான்காவதுக்கு மூச்சு வாங்கி நின்றபோது, அந்த அம்மாள் ஈரத்துணி வாளியோடு பின்னால் வந்தாள். "மீட்டர் இங்க இல்லப்பா, தள்ளு" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் தூக்கினாள். முழங்கால் தானாகப் போய்த் தட்டியது. டக்கென்று ஒரு சத்தம். கதவு திறக்க, வாளியோடு கொடிக்குப் போய்விட்டாள்.

பெரியவர் கதவைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் அடக்கியது போல ஒரு மூச்சு விட்டார்.

"இது அரை மணி நேர வேலை தம்பி. நான் மெக்கானிக், எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் விட்டு வச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பேரு சில நாள் மறந்துடுது அவளுக்கு. முழங்காலுக்கு மறக்கல. தினமும் காலையில அந்தச் சத்தம் கேட்டா, இன்னைக்கும் அவ இருக்கான்னு நினைச்சுப்பேன். அன்னைக்கு நீங்க புடுங்கிடுவேன்னு சொன்னது அவ காதுல விழுந்துச்சு. அதுலேருந்து கதவுப் பக்கமே போகல. இப்பதான் போறா."

மகள் வீட்டுக் கதவுகளெல்லாம் புதுசு, விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் என்று வேறெதையோ பேசுவது போல அவர் சொன்னார். இவன் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியைத் தூக்கினான். நான்காவது முறையும் அசையவில்லை. ஐந்தாவது முறை பாதி திறந்தது. ஏழாவதில் அந்தச் சத்தம் வந்தது. பத்து முடிந்ததும் திரும்பிப் பார்த்தான். பெரியவர் தலையசைத்தார்.

"இருபத்தெட்டாம் தேதி பதினோரு மணிக்குப் பதிவு ஆபீசுக்கு வந்துடறேன்."

நம்புவதா என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றான். இரண்டு தட்டும் மறுபடி பெட்டிக்குள் போயின.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்தரைக்கு லாரி கீழே உறுமிக்கொண்டிருந்தது. மனைவி ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பதினோரு விநாடியில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் படியேறினான். இளம் தம்பதி காலி அறையின் நடுவே நின்றிருந்தார்கள். மணி அடிக்க வேண்டியதில்லை, பெயர் கேட்க வேண்டியதில்லை. சாவியைக் கொடுத்தான், வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள். நாலே விநாடி, புதுச் சாதனை. வாசல்வரை போனவன் நின்றான்.

"சமையலறைக் குழாயை மட்டும் முழுசா இறுக்கி மூடிட்டு அப்படியே விட்டுடாதீங்க. சொட்டும்."

"பரவாயில்லண்ணே, அதை மாத்திடுவோம்" என்றான் அந்தப் பையன், சிரித்துக்கொண்டே.

சட்டைப்பையில் போன் அடித்தது. பெரியவர் பத்து மணிக்கே பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டாராம், அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு. அவளோ வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்து எழுந்து நிற்கிறாளாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தரகர் கத்தினார். இதோ வந்துவிட்டேன் என்றான். கீழே லாரி இரண்டு முறை ஹாரன் அடித்தது. இரண்டாவது, மனைவியே அடித்தது போல நீளமாக இருந்தது.

அவன் சமையலறைக்குள் போயிருந்தான். குழாயை இறுக மூடினான். ஒரு நூலளவு பின்னால் விட்டான். மூன்று பேரும் குழாய் வாயையே பார்த்தார்கள். ஒரு துளி திரண்டு, தொங்கி, விழாமல் நின்றது.

"எங்க," என்று நகர்ந்து இடம் விட்டான், "நீங்க ஒரு தடவை மூடுங்க."