செத்தவர் சம்மதித்த ஆயில்

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் சியெட்சி மொஃபொக்கெங்கின் சவப்பெட்டி, அவருடைய காருக்குச் சரியான எஞ்சின் ஆயில் ஊற்றும்வரை குழிக்குள் இறங்க மறுத்துவிட்டது. அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. கயிற்றை முழுவதும் தளர்த்திய பிறகும் பெட்டி குழிக்கு மேலே, மேசையில் வைத்ததுபோல அசையாமல் நின்றது. பாஸ்டர் ஜெபத்தை மறுபடி சொல்லிப் பார்த்தார். யாரும் அலறவில்லை. காரை வட்டமடிக்கவிட்டுப் பேர் வாங்கியவரைப் புதைக்கும்போது, அவருடைய கார் குழிக்கருகே டயர் புகையச் சுற்ற வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அது இன்னும் நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கார், பெட்டிபோன்ற பழைய ஜெர்மன் கார். ஊர் அதற்கு வைத்த பெயர் குஷேஷே. சியெட்சியும் மனைவி மபூலேயும் ஞாயிறுதோறும் மாறிமாறி அதை ஓட்டினார்கள். அது சுற்றும்போதே அவர் ஜன்னல் வழியே வெளியே தொங்குவார். அவளோ இறங்கி, பக்கத்திலேயே நடந்து, கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வாள். அவர்கள் தாம்பத்தியத்தில் ஒரே ஒரு சண்டைதான். அது கல்யாணத்தன்று தொடங்கியது. பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் என்பார் அவர். குளிர்காலக் காலையில் அந்தக் கூழ் மேலே ஏறுவதற்குள் எஞ்சின் வறண்டுபோகும் என்பாள் அவள். சர்க்கரை முற்றி அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், மபூலே கெட்டி ஆயிலை வடித்துவிட்டு, புதுக் கார்களுக்கு ஊற்றும் தண்ணீர்போன்ற மெல்லிய ஆயிலை ஊற்றினாள். பழிவாங்க அல்ல, வாய்ப்புக் கிடைத்ததால். அவர் வீடு திரும்பவேயில்லை.

அந்த ஆயிலோடுதான் கறுப்புச் சால்வையைத் தோளில் இறுக்கிக்கொண்டு அவள் காரைக் கிளப்பினாள். கார் ஒரு சாண் உயரம் மேலே எழும்பியது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. பீர் கடையில் தன் கட்சியை நிலைநாட்ட அவர் மேசையைத் தட்டுவாரே, அதே தட்டு.

“நான் அப்பவே சொன்னேன் அண்ணி,” என்று கொழுந்தன் லெபோஹாங் கெட்டி ஆயில் டப்பாவோடு வந்தான். மெல்லியதை வடித்து, கெட்டியை ஊற்றினான். கார் தரைக்கு வந்தது. ஆனால் செக்குமாடுபோலச் சுற்றியது. அதோடு சேர்ந்து எல்லாமே மெதுவாகிவிட்டது. பாஸ்டர் தொடங்கிய இருமல் முடியவேயில்லை. பாட்டின் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் பெண்களுக்கு மூச்சு முட்டியது. பின்னால் அடுத்த சாவு வண்டி ஹாரன் அடித்தது. அந்த ஹாரனும் இழுத்து இழுத்துத்தான் வந்தது. அவள் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் பாஸ்டரால் இருமி முடிக்க முடிந்தது.

மபூலே இறங்கிக் குழியோரம் போய் நின்றாள்.

“யோவ், செத்தும் பிடிவாதம் போகலையா? பின்னாடி இன்னொரு பொணம் காத்திருக்குய்யா!”

“மெல்லிசு வேணாம்டி,” என்றது பெட்டி. “பழைய சீல் வழியா மொத்தமும் ஒழுகிடும்.”

“கெட்டியும் வேணாம். இந்தக் குளிர்ல மேல ஏறாது.”

பெட்டி இறங்கிவிட்டால் இந்தச் சண்டையைப் போட இனி ஆளில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நடுவுல ஒண்ணு இருக்குய்யா. பதினஞ்சு-நாப்பதுன்னு.”

“துத்தநாகம் இருக்குமா? இல்லேன்னா உள்ள உரசியே தேஞ்சுபோயிடும்.”

“இருக்கு. பழைய எஞ்சினுக்குன்னே விக்கிறான்.”

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீ எப்பய்யா என்னைப் பேச விட்ட?”

கூட்டம் சிரித்தது. அடுத்த சாவுக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். லெபோஹாங் பெட்ரோல் பங்குக்கு ஓடினான்.

புது ஆயில் உள்ளே போனதும் எஞ்சினின் குரலே மாறியது. முதல் சுற்றிலேயே டயர் கதறியது. வெள்ளைப் புகையில் பாஸ்டர் காணாமல் போனார். மபூலே கதவைத் திறந்து இறங்கி, சுற்றும் காருக்குப் பக்கத்திலேயே நடந்தாள். பெட்டியும் யாரும் கயிற்றைத் தொடாமலே, காரோடு சேர்ந்து மெல்லச் சுழன்றபடி குழிக்குள் இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவள் பேச்சுக்கு ஒத்துக்கொண்டிருந்தார். அன்று ஆட்டுக்கறியும் பாப் என்ற மக்காச்சோளக் களியும் பரிமாறும்போது அதை அவள் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னாள்.

வடித்த மெல்லிய ஆயிலை வீணாக்க மனமில்லாத லெபோஹாங், அதைத் தன் பழைய டொயோட்டாவில் ஊற்றிக்கொண்டான். தரையில் படாததால் டயர் தேய்வதில்லை. ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார். குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று அபராதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.