ஒன்றன் பின் ஒன்றாக

பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகங்களை ஒலியாகக் கொடுக்கும் நூலகம் எங்களுடையது. ஒன்பது வருஷமாகச் சின்னச் சின்ன பிளேயர்களில் ஆடியோ ஏற்றுவது நான்தான். ஓர் அத்தியாயம் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததை அனுப்புவேன். அந்த பிளேயர் அத்தியாய எண்ணையெல்லாம் பார்க்காது. எது முதலில் வந்து இறங்கியதோ அதைத்தான் முதலில் படிக்கும். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. நானே சூடுபட்டுத் தெரிந்துகொண்டது.

இதைத் தானாகச் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும் என்றார் மேனேஜர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என் தங்கச்சி இருக்கா சார்" என்றேன். சொந்தச் செலவில் சூனியம்.

வந்த அன்றே அவளுக்கு ஜன்னலோர மேஜை. நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மேஜை. ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் நாலு ஃபோல்டருக்குப் பெயர் வைத்தாள். ஓர் அத்தியாயம்கூட நகரவில்லை, அதற்குள் மேனேஜர் "பிரமாதம்மா" என்கிறார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பாத்திரம் தேய்ப்பது நான், நல்ல பெயர் அவளுக்கு.

"அக்கா, நீ எப்படிப் பண்றேன்னு ஒண்ணு விடாம சொல்லு." நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். பிளேயரைக் கம்ப்யூட்டரில் செருகுவது, பழையதை அழிப்பது, பத்திரமாகக் கழற்றுவது எல்லாம் சொன்னேன்.

"வேற ஏதாவது?"

"அவ்வளவுதான்டி."

அவளுடைய மென்பொருள் எல்லா அத்தியாயங்களையும் ஒரே சமயத்தில் அனுப்பியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சோதனைக்கு எங்கள் பழைய வாசகர் ஒருவர் வந்தார். பார்வை போன தபால்காரர். துப்பறியும் கதை கேட்டார். கடைசி அத்தியாயம்தான் இருப்பதிலேயே சின்னது, அதனால் அதுதான் முதலில் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது, கொலைகாரன் யாருன்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையின் முகம் செத்துப்போனது. எனக்கு மனசு குளிர்ந்தது. அரை மணி நேரம் அவளைத் திணறவிட்டுவிட்டு எழுந்து போனேன்.

"ஒண்ணு முடிஞ்சப்புறம் அடுத்தது போகட்டும்."

ஒரே ஒரு வரியை மாற்றினாள். கதை முதலிலிருந்து ஓடியது.

"அக்காதான் சார் கண்டுபிடிச்சா!" என்று மேனேஜரிடம் பூரித்துச் சொன்னாள். நான் தலையை நிமிர்த்தினேன்.

"கண்டுபிடிக்கிறதாவது!" என்றார் தபால்காரர். "ஒம்பது வருஷமா அந்தம்மா இப்படித்தானே ஏத்துறாங்க. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். ஒவ்வொண்ணா டிங் டிங்குன்னு முடியும்."

தங்கை நோட்டைப் புரட்டினாள். நான் சொன்னதையெல்லாம் அழகாக எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள்.

"வேற ஏதாவதான்னு கேட்டேனேக்கா."

குரலில் கோபமே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், முதல் அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் பிளேயரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டேன்.