எல்லோருக்கும் கோப்பி

ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் உள்ள அந்த முதியோர் இல்லத்துக்கு வந்த முதல் கிழமையே லோறன்ஸ் சாப்பாட்டு மேசைக்கு வர மறுத்துவிட்டார். கூடத்தின் ஓரமாகத் திறந்த சமையலறை ஒன்று இருந்தது. அதன் முன்னால் நீளமான ஒரு மேடையும் உயரமான சில கதிரைகளும். வேலைசெய்பவர்கள் அவசரமாகக் கோப்பி குடிக்கும் இடம் அது. லோறன்ஸ் காலையில் எழுந்ததும் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு அங்கே போய் ஏறி இருந்துவிடுவார். நிமிர்ந்த முதுகு. மேடைமேல் இரண்டு கைகள். பார்வை நேரே சுவரில்.

அவர் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பர். நோர்வேப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்து இளவயதிலேயே ஒஸ்லோவுக்கு வந்தவர். பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து பல காலம். மறதிநோய் வந்தபிறகு நோர்வேஜிய மொழி அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோய், இப்போது பிறந்த ஊர் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

"சாப்பாடு மேசையில் இருக்கிறது, வாருங்கள்" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். கையைப் பிடித்து எழுப்பினால் உடம்பைத் தளர்த்திவிட்டு நிலத்தில் சரிந்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, கைகளால் பிடரியை மூடிக்கொள்வார். ஒருநாள் பக்கத்தால் போன ஒருவர் தவறிப் பாலை அவர் தோளில் ஊற்றிவிட்டார். லோறன்ஸ் துடைக்கவில்லை. சட்டை நனைந்து பால் சொட்டச் சொட்ட அப்படியே இருந்தார்.

வைத்தியர் வந்து பார்த்தார். பாரிசவாதம் இல்லை, வலிப்பும் இல்லை. இப்படியே போனால் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, கதவு பூட்டிய பகுதிக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றார்.

மரியரஞ்சனி மன்னாரிலிருந்து வந்தவள். அந்த இல்லத்தில் பராமரிப்பு வேலை. அன்று பொறுப்பாக இருந்த தாதி சிவமலர் யாழ்ப்பாணத்துப் பெண்.

"ரஞ்சி அக்கா, இண்டைக்கும் விழுந்திட்டார். நான் ரப்போர்ட் எழுதவேணும்."

"விழேல்லைப் பிள்ளை. நான் பக்கத்திலைதான் நிண்டனான். மெள்ளமாத் தன்னைத் தானே விட்டிட்டார்."

"ஏன் அப்பிடிச் செய்யவேணும்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. மகள் வரட்டும், கேட்டுப் பாப்பம்."

மகள் எம்மா பின்னேரம் நகரத்திலிருந்து ரயிலில் வந்தாள். ஐம்பது வயது கடந்தவள். மரியரஞ்சனி நடந்ததைச் சொல்லி, லோறன்ஸ் பிடரியை மூடும் விதத்தைத் தன் கைகளாலேயே காட்டினாள். எம்மாவின் முகம் மாறியது. அருகிலிருந்த கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது" என்றாள். "கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி இருந்த நகரத்துக் கடைகளில் கறுப்பர்கள் சாமான் வாங்கலாம். ஆனால் உள்ளே சாப்பாட்டு மேடையில் இருந்து ஒரு கோப்பி குடிக்க முடியாது. அந்தக் கதிரைகள் வெள்ளையர்களுக்கு. அதனால் மாணவர்கள் போய் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள். தரும்வரை எழும்புவதில்லை என்று."

"அடிக்கவில்லையா?"

"அடித்தார்கள். தலையில் பால், சோஸ், சீனி எல்லாம் கொட்டினார்கள். பொலிஸ் வந்து மாணவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனது. திருப்பி அடிக்கக் கூடாது, ஒரு சொல்லும் பேசக் கூடாது. அதற்கு முன்கூட்டியே தேவாலயத்தின் நிலவறையில் பழகினார்களாம். சிநேகிதர்களே அடிக்கிறவர்கள் மாதிரி நடித்து ஒருவரையொருவர் இழுத்து விழுத்துவார்களாம். விழுந்தால் எப்படிப் பிடரியைக் காப்பாற்றுவது, இழுத்தால் எப்படி உடம்பைத் தளர்த்துவது என்று." எம்மா மேடைப்பக்கம் பார்த்தாள். "எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார். பிறகு எப்போது கேட்டாலும், 'சாப்பிடப் போனோம், சாப்பாடு தரவில்லை' என்று சிரித்துவிடுவார்."

இத்தனை நாளும் அவரை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பத்தான் எல்லோரும் பாடுபட்டிருக்கிறார்கள் என்பது மரியரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும்தான்.

மறுநாள் காலை எம்மா வேலைக்குப் போகாமல் இல்லத்துக்கு வந்தாள். மரியரஞ்சனி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேடையின் உள்பக்கம் போய் லோறன்சுக்கு நேரெதிரே நின்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"காலை வணக்கம் ஐயா. உங்களுக்கு என்ன தரட்டும்?"

லோறன்சின் கண்கள் சுவரிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"என்னையா கேட்கிறீர்கள், அம்மா?"

"ஓம், உங்களைத்தான்."

"ஒரு கோப்பி."

அவள் ஊற்றி வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இரு பக்கமும் வெறும் கதிரைகள்.

"இவர்களுக்கு?"

மரியரஞ்சனி அந்தக் கதிரைகளைப் பார்த்தாள். வெறும் கதிரைகளுக்கு முன்னால் கோப்பையை வைத்து அவரை ஏமாற்ற மனம் வரவில்லை.

"சிவமலர், ஓடி வாரும். இஞ்சை வந்து இரும்" என்று தமிழில் கூப்பிட்டாள்.

"இப்பவோ அக்கா? மருந்து குடுக்கிற நேரம்."

"மருந்து பிறகு குடுக்கலாம். இருமன்."

சிவமலர் மருந்து வண்டியைப் பூட்டிவிட்டு வந்து அவருக்கு இடப்பக்கம் ஏறினாள். எம்மா வலப்பக்கம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த லீசா என்ற நோர்வே மூதாட்டி, தனக்கும் கோப்பி வேண்டுமென்று தான் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தாள். அவளால் உயரக் கதிரையில் ஏற முடியவில்லை. வண்டியின் இருக்கையிலேயே இருந்துகொண்டாள். மேடை அவள் நாடிவரை வந்தது. மரியரஞ்சனி எல்லோருக்கும் ஊற்றினாள். கடைசிக் கோப்பையும் நிரம்பிய பிறகுதான் லோறன்ஸ் தன்னுடையதை எடுத்துக் குடித்தார்.

பாணும் நோர்வேக்காரரின் பழுப்புச் சீஸும் வைத்தாள். ஒரு கடி கடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, சீஸ் இனிக்கிறது?"

"அம்பது வருஷமாச் சாப்பிட்டவர்!" சிவமலர் தமிழில் முணுமுணுத்தாள். அந்தப் பாஷை எம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாற, பேப்பர் நாப்கின் ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தகப்பன் பாணை முழுவதும் சாப்பிட்டு முடித்தார்.

வைத்தியர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். மருந்துப் பேச்சு அதோடு நின்றது. எல்லாக் காலைகளும் அப்படி நல்லபடியாகப் போகவில்லை. சில நாள் கோப்பியைக் கண்டும் நம்பாமல் கைகளை மேடைமேல் வைத்தபடியே இருந்தார். அந்த நாட்களில் அவரை ஒருவரும் தொடவில்லை. நேரம் எடுத்தாலும் பசி அவரை உண்ணவைத்தது.

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு பகல். மரியரஞ்சனி அவருடைய கைநகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். லோறன்ஸ் திடீரென்று கேட்டார்.

"உன்னையும் பிடித்துக்கொண்டு போனார்களா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை.

"ஓம். எங்கள் நாட்டில் ஆமிக்காரர் பிடித்தார்கள். ஊரில் இருந்த எல்லோரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தி வைத்தார்கள்."

"பயமாக இருந்ததா?"

"சரியான பயம்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும். கால் நடுங்கினது. மேடைக்குக் கீழே என்றபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை."

பின்னேரம் எம்மா வந்ததும் மரியரஞ்சனி அதை அப்படியே சொன்னாள்.

"பயந்ததாக அவர் என்னிடம் சொன்னதே இல்லை" என்றாள் எம்மா.

ஈரமான மேலங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு அவள் தகப்பனின் அறைக்குள் போனாள். அவர் நித்திரையாக இருந்தார். கட்டிலருகே இருந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அவருடைய பாதங்கள் இரண்டையும் தன் கைகளுக்குள் எடுத்துச் சூடாக்கினாள்.