சூடு போக வழி

ரேடியோ எட்டும் தூரத்தைக் கூட்டும் பவர் ஆம்ப்ளிஃபயர் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை வாட்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த அலைவரிசை, மின்சாரம் எங்கிருந்து, ஆண்டெனா எது, சூடு எந்த வழியாக வெளியேறும் என்று பார்த்துவிட்டல்லவா வாட்டுக்கு வர வேண்டும்?

என் ஊர் ஈப்போவுக்குப் பக்கம், கோப்பெங்கில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஜாகிரும் அப்படித்தான் வந்தான். அவன் மனைவி நூருல் மலைக்குப் பின்னால், பழைய ரப்பர்த் தோட்டத்தில், மிச்சமிருக்கும் குடும்பங்களுக்காக மளிகைக்கடை வைத்திருக்கிறாள். பெருமழை பிடித்தால் அங்கே கைப்பேசி செத்துவிடும். இருபக்கமும் பேசும் கையடக்க ரேடியோவோ மலையைத் தாண்டாது.

"நூறு வாட் போடுங்கண்ணே. அவ அங்க தனியா இருக்கா, எனக்குப் பயமா இருக்குலா."

"நூறு வாட் வெளிய போனா, இன்னொரு நூறு சூடா உள்ளயே நிக்கும். பெட்டிக்குக் காத்து வேணும், தம்பி."

தலையாட்டினான். ஆளுக்கொன்றாக இரண்டு பெட்டி செய்து கொடுத்தேன்.

நேற்று ஈப்போவிலிருந்து அவன் கடைக்குச் சாப்பிடப் போனேன். நடுப்பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டியது.

"காலையிலேர்ந்து அவகூட பேசிக்கிட்டேதான் இருக்கேன். பாலத்தத் தாண்டி இங்க வந்துரச் சொல்லிட்டேன்" என்றான் ஜாகிர்.

அப்போதுதான் லாரி ஓட்டும் பத்துமலை நனைந்தபடி ஓடி வந்தார். "தோட்டத்துப் பாலத்துல தூணு சாஞ்சிருச்சு! அந்தப் பக்கம் வண்டியத் தடுக்க ஆளே இல்ல!"

ஜாகிர் ரேடியோவைப் பாய்ந்து எடுத்தான். "நூருல், வராதே! பாலம் போச்சு!"

பதில் இல்லை. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சமையலறை எண்ணெய் படக்கூடாதென்று, புது டிவி ரிமோட்டைச் சுற்றுவதுபோல, பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் ஒட்டியிருந்தான்.

"அறிவிருக்காடா உனக்கு?"

கிழித்தேன். விரல் சுட்டது, கருகல் நாற்றம் அடித்தது. பெட்டிக்கு உயிரான டிரான்சிஸ்டர் உள்ளேயே வெந்துபோயிருந்தது.

கையடக்க ரேடியோவை நேராக ஆண்டெனாவில் மாட்டினோம். ஜாகிர் தொண்டை கிழியக் கத்தினான். அவளுக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய பெட்டி நன்றாகத்தான் இருந்தது. குரல் கணீரென்று வந்தது.

"மச்சான், கேக்குதா? கடையப் பூட்டிட்டேன். பக்கத்து வீட்டுக் காளியம்மாக்காவும் அவங்க பிள்ளைங்களும் கார்ல ஏறிட்டாங்க. செட்ட அணைச்சிட்டு, நீங்க சொன்ன மாதிரி பாலத்துக்கு வாரேன்."

எங்களுக்குப் பாலம் அரைமணித் தூரம். அவளுக்கு அடுத்த வளைவு.