பலூனில் ஏறிய தையற்காரன்

இத்ரூஸுக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றும். அப்படிப்பட்ட மனுஷன்தான், பதுளைக்கு ரயில்கூட வராத அந்தக் காலத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் கடையைப் பூட்டிவிட்டுப் பலூனில் ஏறி ஆகாயத்திலிருந்து குதிக்கிற வேலைக்குப் போனான். யார் கண் பட்டதோ!

நடந்தது இவ்வளவுதான். ஊர் ஊராகப் பலூன் வித்தை காட்டும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பதுளைக்கு வந்து, கிழிந்த பலூனைத் தைக்க இத்ரூஸைக் கூப்பிட்டார். காலமெல்லாம் குனிந்தே தைத்தவன், தன் கையால் தைத்த துணி புகை நிரம்பி எழும்புவதை அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றுவிட்டான். துரைக்காகக் குதிக்கிற ஆள் கண்டியில் காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும், "நானே ஏறுறேன் தொரை" என்றான்.

மனைவி ஜெனீரா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, ஒரு தடவை ஏறுங்க. உசிரோட வாங்க. அதுக்குப் பொறகும் ஏறினீங்க எண்டா, நான் புள்ளைகளக் கூட்டிட்டு உம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

ஒரே தடவைதான் என்று அவன் சத்தியம் பண்ணினான்.

வித்தை நாளன்று பந்தயத் திடலில் ஊரே திரண்டிருந்தது. குழியில் விறகு எரிய, பலூன் வீடு உயரத்துக்கு வீங்கி இழுத்தது. அதன் கயிறுகளைப் பிடித்துக்கொள்ளக் கங்காணி அழகையா தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார். பலூனுக்குக் கீழே தொங்கிய கட்டையில் இத்ரூஸ் உட்கார்ந்தான். இறங்கி ஓடிவிடலாமா? ஓடினால் கடைவீதியில் பிறகு தலை காட்ட முடியாது.

"பயப்படாதீங்க இத்ரூஸ் நானா," என்றார் அழகையா. "நம்ம ஆளுக புடிச்சா இரும்புப் புடி. தொரை கையைக் காட்டுனாத்தான் விடுவாங்க."

குதிக்கும்போது விரிய வேண்டிய பட்டுக்குடையை இத்ரூஸின் இடுப்பில் மாட்டத் துரை குனிந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா, கூட்டத்தில் எவனோ உற்சாகம் தாங்காமல் கொம்பெடுத்து ஊத வேண்டும்!

தோட்டத்தில் கொம்பு ஊதினால் வேலை முடிந்தது. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். பிறந்ததிலிருந்து பழகிய கைகள் யோசிக்கவில்லை. அத்தனை பேரும் கயிற்றை விட்டார்கள்.

"புடிங்கடா!" என்று அழகையா அலறியது இத்ரூஸின் காலுக்கு வெகு கீழே கேட்டது. குடை புல்லில் கிடந்தது.

"யா அல்லாஹ்!" கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்ததையெல்லாம் ஓதினான். பாதியில் மறந்துபோக, மறுபடி முதலிலிருந்து ஓதினான். கயிறு கிரீச்சிட்டது. தையல் விட்டுவிட்டால்? ஒரு பக்கத்தை அவசரத்தில் ஒற்றைத் தையலாக ஓட்டியது அவனுக்குத்தானே தெரியும்! அந்த நினைப்பு வந்ததும் உடுத்திருந்த சாரம் நனைந்துபோனது.

அந்தத் தையலைப் பார்க்கத்தான் கண்ணைத் திறந்தான். தையல் இருந்தது. அப்படியே கீழேயும் பார்த்துவிட்டான். பதுளை ஓயா ஆறு வெயிலில் மின்னியது. நமுனுகுல மலை நேருக்கு நேராக நின்றது. தன் கடையைத் தேடினான். எந்தக் கூரை என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஓதவே மறந்துபோனான்.

புகை ஆறியதும் பலூன் தொய்ந்து இறங்கியது. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலை மலை விறுவிறுவென்று எழும்பி வர, இதோடு முடிந்தோம் என்று நினைத்தான். செடிகள் மேல் இழுபட்டு, தோல் உரிந்து, ஒருவழியாக நின்றான். பேய் என்று ஓடிய கொழுந்து பறிக்கிற பெண்கள் திரும்பி வந்து, கட்டையைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

துரை குதிரையில் வந்தார். பின்னாலேயே திரை கட்டிய வண்டியில் ஜெனீரா வந்தாள். முக்காடு நழுவியதையும் பாராமல் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்தானே? போதும் எண்டு சொல்லுங்க."

போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் அதையேதான் சொன்னது. ஆனால் துரையைப் பார்த்து, "திரும்ப எப்ப ஏறுறது?" என்று கேட்டுவிட்டான்.

கேட்டது தான்தான் என்று உறைத்ததும், அந்தரத்தில் தொங்கியபோது வந்ததைவிடப் பெரிய பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஜெனீரா அவன் கையை விட்டுவிட்டு, வண்டியில் ஏறித் திரையை இழுத்து மூடினாள்.