இதற்குள் வேண்டாம், இதற்கு வெளியேயும் வேண்டாம்

எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் வீட்டு புரோக்கருக்கு, அவருக்கே தெரியாத பட்டப்பெயர் ஒன்று உண்டு. 'மன்னிக்கவும்' என்பதுதான் அது. அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. பரப்பியதோடு சரி.

காரணம் அவருடைய வெப்சைட். வாடகைக்கு வீடு தேடி உள்ளே போனால் கேள்வி மேல் கேள்வி வரும். படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்பதோடு நிற்காது. பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றா இரண்டா, பால்கனிக் கம்பி நேரா வளைவா, தரை வழுக்குமா, வழுக்கினால் எவ்வளவு வழுக்கலாம்? கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கை ஓய்ந்து, 'தேடு' என்பதை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் பதில் வரும்: 'மன்னிக்கவும், வீடு இல்லை.' நானே ஒரு நாள் பொழுது போகாமல், நான் குடியிருக்கிற வீட்டையே மனதில் வைத்து டிக் அடித்துப் பார்த்தேன். அப்படியொரு வீடு உலகத்திலேயே இல்லையாம்.

மனிதருக்கு அதில் பெருமை வேறு. "நம்ம சைட்ல இல்லாத ஆப்ஷனே கிடையாது" என்பார்.

"ஆமா, வீட்டைத் தவிர எல்லாம் இருக்கு" என்பாள் அவர் மனைவி, வாயில் குண்டூசியைக் கடித்தபடியே.

அவள் தையல்காரி. முன்னறைதான் அவளுடைய கடை. நல்ல வெளிச்சம், பெரிய கண்ணாடி, துணி வெட்ட நீள மேசை. இருந்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் புரோக்கரின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும், வேலை மாற்றலாகி இந்தப் பக்கம் வந்தபோது, "வீடு கிடைக்கிற வரைக்கும், ரெண்டே வாரம்" என்று அந்த அறையில் பெட்டியை இறக்கினார்கள். மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. பெட்டி இறங்கிய இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் கட்டில் ஒன்றும் முளைத்திருந்தது. மேசை மொட்டைமாடிக்குப் போனது. தையல் மெஷின், நடையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அளவு கொடுக்க வருகிறவர்கள் குளியலறைக் கதவில் சாய்ந்துதான் நிற்க வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் சங்கடம். யாராவது எப்போதும் இருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுப்பவர், மாப்பிள்ளைக்கு ஒரு வீடு பார்க்க முடியவில்லை. இதைவிட ருசியான பேச்சு எங்கள் தெருவுக்குக் கிடைத்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு நாடகக் குழுக்காரர்கள் வந்து, ராஜா ராணியிலிருந்து சேவகன் வரைக்கும் மொத்த உடுப்பையும் அவளையே தைத்துத் தரச் சொன்னார்கள். தையல்காரியின் நெடுநாள் ஆசை அது. ராணியின் பாவாடை ஒன்றுக்கே ஒரு அறை முழுக்கத் துணி விரிக்க வேண்டும். நடையில் விரித்தால் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது. "மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா, இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று போனார்கள்.

அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாத்தனாரைப் போகச் சொல்லவும் மனசு வரவில்லை, ராணியை விடவும் மனசு வரவில்லை.

மறுநாள் ஒரு பெண் கவுன் அளவு சரிபார்க்க வந்தாள். கம்ப்யூட்டரில் சைட் எழுதுகிற வேலை அவளுக்கு. நான் தீப்பெட்டி கேட்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் தீப்பெட்டி இருந்தது, அது வேறு விஷயம். அந்தப் பெண்ணை நடையில் நிறுத்தி, இடுப்பைச் சுற்றிக் குண்டூசி குத்தி அசையவிடாமல் பண்ணிவிட்டு, தையல்காரி ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உன்னை ஒண்ணு கேக்கறேன். சட்டை தைக்க வர்றவங்ககிட்ட எப்படி வேணும்னு கேட்டா முழிப்பாங்க. போன சட்டையில என்ன பிடிக்கலைன்னு கேட்டுப் பாரு, கடகடன்னு கொட்டுவாங்க. கை பிடிக்குது, கழுத்து எறங்குதுன்னு. வீடும் அப்படித்தானே? இந்த மனுஷன் சைட்ல என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டே ஆளைக் கொல்றாரு. என்ன வேண்டாம்னு மட்டும் கேட்டா என்ன?"

"கேக்கலாம்க்கா."

"அந்த டிக்கெல்லாம் தூக்கிடு. ஒரே ஒரு பெட்டி. 'என்ன வேண்டாம்?' அவ்வளவுதான். செய்வியா?"

"யோசிச்சு..."

"யோசி. அதுவரைக்கும் ஊசி இருக்கட்டும்."

"அக்கா! ஊசியை எடுங்க, செஞ்சு தர்றேன்!"

செய்தும் கொடுத்தாள், கெட்டிக்காரி. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வேண்டாததைத் தள்ளிவிட்டு மிச்ச வீட்டைக் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு வீட்டின் குறையும் சைட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எழுத வேண்டியவர் புரோக்கர்.

குதித்தார் மனிதர். "குறையை நானே போடறதா? என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கவா?"

"நேர்ல போய்ப் பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வர்றாங்களே, அப்ப மட்டும் பொழப்பு நல்லா நடக்குதோ?" என்றாள் மனைவி.

முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தார். இரண்டு வீட்டைத் தாண்டியதும் மனிதருக்கு ருசி கண்டுவிட்டது. இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. 'மோட்டார் ஓடினால் கட்டிலும் சேர்ந்து ஓடும்.' 'மேல்வீட்டுப் பிள்ளை ஸ்கேட்டிங் பழகுகிறது, இன்னும் வரவில்லை.' 'வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் தினமும் வருவார்.' வீடு தேடாதவர்கள்கூட சாப்பிட்டுவிட்டு அந்த சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் கட்டிடத்தில் காலியாக இருந்த கீழ்ப்போர்ஷனுக்கு என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'மாடியில் ஒரு அம்மா. அன்பானவர். விசாரிப்பார்.' இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை. அதற்குள் அந்தக் கீழ்ப்போர்ஷனுக்கு ஆள் வந்துவிட்டது. பேச்சுத் துணை தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அதனால் மன்னித்துவிட்டேன்.

அதன் பிறகு வீடுகள் மளமளவென்று போயின. எல்லாருக்கும் கிடைத்தது, மாப்பிள்ளைக்குத் தவிர. அவரும் அவர் மனைவியும் ஒரே கணக்கில், ஆளுக்கொரு போனில், தனித்தனியாக 'வேண்டாம்' போட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்போது பார்த்தாலும் மிச்சம் ஒன்றுமில்லை. மாசக் கடைசி நெருங்கிவிட்டது. தையல்காரி நாடகக் குழுவின் போனை எடுக்காமல் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரோக்கர் பொறுமை இழந்தார். "என் சைட்ல கிடைக்காத வீடா! கொண்டா பாப்போம்" என்று தங்கையின் தேடலை முன்னறை டிவியில் பெரிதாகப் போட்டார். நான் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். காலி டம்ளரோடு கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

டிவியில் ஊரின் வரைபடம் வந்தது. வேண்டாத இடத்தைப் படத்திலேயே வட்டம் போட்டுக் காட்டுகிற வசதியையும் அந்த சைட் பெண் வைத்திருந்தாள். எது வழியை அடைக்கிறது என்றும் அதுவே சொல்லும். சொல்லிற்று. சிவப்பில் பெரிய வட்டம் ஒன்று: 'இதற்குள் வேண்டாம். இந்த வட்டத்தை எடுத்தால் பதினோரு வீடு.' நீலத்தில் சின்ன வட்டம் ஒன்று: 'இதற்கு வெளியே வேண்டாம். எடுத்தால் பதினாலு வீடு.'

இரண்டு வட்டத்துக்கும் நடுப்புள்ளி ஒன்றேதான்.

புரோக்கர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். "இது நம்ம வீடு மாதிரி இருக்கே?"

நடையில் ஃபிரிட்ஜ் உறுமியது.

"சின்ன வட்டம் நான் போட்டதுண்ணே" என்றாள் தங்கை. பிறகு மெதுவாகத் திரும்பி, "பெரிய வட்டம் யாரு போட்டது?" என்றாள்.

மாப்பிள்ளை தலையணை உறையில் நூல் பிரிக்க ஆரம்பித்தார்.

"மாப்ளே, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?" என்றார் புரோக்கர்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். காலைல பல்லு தேய்ச்சுக்கிட்டே என் சம்பளத்துக்கு யோசனை சொல்றீங்க. குளிச்சிட்டு வந்து என் முடிக்குச் சொல்றீங்க. நேத்து நான் செருப்பு மாட்டற விதமே தப்புன்னீங்க. பக்கத்துலயே வீடு எடுத்தா தெனம் நடந்து வந்து சொல்வீங்களேன்னு..."

தையல்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன், எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

"நீயாவது அண்ணன் பக்கத்துல இருக்கணும்னு நெனைச்சியே தங்கச்சி" என்று தழுதழுத்தார் புரோக்கர்.

"அண்ணனுக்காகவா?" என்றாள் அவள். "உன் யோசனையைக் கேட்டுக் கேட்டுத்தானே நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடினேன்! அண்ணியைப் பாக்காம எனக்கு ஒரு நாள் ஓடாதுண்ணே. அதுக்குத்தான்."

தையல்காரி முந்தானையை வாயிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். சரி, கரைந்துவிட்டாள், ராணி பாவாடை போச்சு என்று நினைத்தேன். அப்படியெல்லாம் விடுகிறவளா?

"அழுவறது அப்புறம் அழுதுக்கலாம்" என்று நாத்தனாரின் கன்னத்தைத் தட்டினாள். "தம்பி, நீங்க உங்க வட்டத்தைக் குறைங்க. நீ உன் வட்டத்தைப் பெருசாக்குடி. நடுவுல எங்கயாவது வழி வருதா பாப்போம்."

மாப்பிள்ளை விரலால் சிவப்பைக் கொஞ்சம் சுருக்கினார். தங்கை நீலத்தை ஒரு நூல் இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க!"

"பால் கடை வரைக்கும்தான் வருவேன். அதுக்கு மேல நடக்க முடியாது."

"மச்சானால எவ்வளவு தூரம் நடக்க முடியும்க்கா?"

"அவரா? முட்டி வலி. ரெண்டு திருப்பம் வந்தா திரும்பிடுவாரு."

"எனக்கா? எனக்கென்ன, நான் நல்லா..." என்று புரோக்கர் ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. சந்தையில் பேரம் பேசுவது போலக் கத்தினோம். ஆமாம், நானும்தான். "பூங்காப் பக்கம் விடுங்க, அங்க மேடு, அவரு ஏற மாட்டாரு" என்று எடுத்துக்கொடுத்ததே நான்.

சிவப்பு உள்ளே சுருங்க, நீலம் அதைத் தாண்டி வெளியே விரிய, இரண்டுக்கும் நடுவே வளையல் போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அந்த வெள்ளையில் டக்கென்று ஒரு வீடு வந்து விழுந்தது. ஒரே ஒரு வீடு. குறை: 'பக்கத்து வீட்டில் ஒருவர் டிரம்பெட் கற்கிறார். ஒரே பாட்டு.'

"எனக்கு டிரம்பெட் பிடிக்கும்" என்றார் மாப்பிள்ளை, அவசர அவசரமாக.

"எனக்கும்" என்றாள் தங்கை.

அன்று மாலையே போய்ப் பார்த்தார்கள். அந்த வாரமே குடிபோனார்கள். கட்டிலை எப்படித் தூக்க வேண்டும் என்று புரோக்கர் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை ஒரு யோசனைக்கு ஒரு சிரிப்பு என்ற கணக்கில் தாராளமாகச் சிரித்தார். தங்கை, இரண்டு திருப்பம் தாண்டிப் பால் கடை வரைக்கும் போவதற்கு, கப்பல் ஏறுகிறவள் மாதிரி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை ஒன்பதுக்கெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள் என்பது தனிக்கதை.

வண்டி கிளம்பியதும் நாடகக் குழுவுக்கு போன் போனது. சாயங்காலம் ஊதாப் பட்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தமும் இல்லை. மெஷினும் ஓடவில்லை. என்னமோ ஏதோ என்று நான் போய் முன்னறைக் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன்.

சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஊதாத் துணி விரிந்து கிடந்தது. அதன் நடுவில் தையல்காரி கையையும் காலையும் அகல விரித்து மல்லாந்து படுத்திருந்தாள்.

எனக்கு முன்பே புரோக்கர் அங்கே நின்றிருந்தார். "ஏய், என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. எவ்வளவு இடம்னு பாக்கறேன்."

அவர் தயங்கினார். எனக்குத் தெரிந்து முதல்முறையாக ஒரு யோசனையும் சொல்லவில்லை. "ஓரமா நானும் படுத்துக்கட்டுமா?" என்றார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று அவள் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.

நான் எதையும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். முழுதாகப் பார்த்துவிட்டுத்தான்.